முட்டைகோஸ் இலைக்கு அடியில்

இருங்க தம்பி, தட்டை நீங்க எடுக்கவேணாம், நான் எடுத்துக்கறேன். சாப்பாடு எப்படி இருந்துச்சு? பிரமாதமா? ம். சந்தோஷம். அப்போ இந்த முட்டைகோஸ் இலையைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா? அட, ஏன் பதர்றீங்க? பாருங்க, கறி அப்படியே இருக்கு. துண்டையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, மேல இலையைப் போத்தித் தூங்கவெச்சிருக்கீங்க.

அய்யோ, மன்னிப்பெல்லாம் எதுக்கு? வயிறு நெறஞ்சிடுச்சா? மலை ஏறி எறங்கி வந்த ஆளு, பேண்ட்டு முழங்கால் வரைக்கும் சேறு, கரும்பலகையில மாட்டுக்கறி ரோஸ்ட்டுன்னு பாத்ததும் உங்க மூஞ்சி மலர்ந்ததை நான் பாத்தேனே. ரெண்டு வாய்க்குள்ள நெறஞ்சிடுமா? திரும்பத் திரும்பத் தண்ணி ஜாடி கேட்டீங்க, அதுலதான் நெறஞ்சிருக்கும். உக்காருங்க. நானும் செத்த உக்காந்துக்கறேன், காலு கடுக்குது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு பப்புல, பரிமாற வேண்டியவ விருந்தாளியோட மேஜையில உக்காந்து கதை பேசறான்னா வியாபாரம் எப்படின்னு நீங்களே பாத்துக்கோங்க.

உங்களைச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. இங்க எல்லாரும் ஒளிக்கறவங்கதான். அதோ ஜன்னலோரம் பச்சைத் தொப்பியோட இருக்காங்களே, பார்ட்ரிட்ஜ் அம்மா, அவங்க மசிச்ச உருளைக்கிழங்குல மதில் கட்டி அதுக்குப் பின்னாடி கறியைப் புதைப்பாங்க. மெதுவா எல்லாம் பேசவேணாம், பக்கத்துல நின்னு கத்தினாத்தான் அவங்களுக்குக் காது கேக்கும். பாதிரியார் கைக்குட்டையில மடிச்சு, மேஜைக்கடியில நாய்க்குக் குடுப்பாரு. முன்னெல்லாம் அந்த நாய்தான் அவரை இங்க இழுத்துக்கிட்டு வரும். இப்ப அவரு அதை இழுத்துக்கிட்டு வராரு. வாசல்ல அதுக்குன்னு வெச்ச தண்ணிக் கிண்ணத்தை நான் ரொப்பி மாளல.

ஆனா வாயைத் தொறந்து கேட்டுப்பாருங்க. பிரமாதம், வெண்டி. அருமை, வெண்டி. வழக்கம்போல அசத்திட்டாரு, வெண்டி. இவங்க வாயில வேற வார்த்தையே கெடையாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். பஸ்ல ஒருத்தன் என் காலை மிதிச்சா நான்தான் மன்னிப்புக் கேக்கறேன். பல் புடுங்கறவரு தப்பான பல்லைப் புடுங்கினப்போ, ரொம்ப நன்றி டாக்டர்னு சொல்லிட்டு வந்தவ நான். வீட்டுக்கு வந்து அழுதேன். அது வேற விஷயம்.

அப்புறம் வீட்டுக்குப் போவாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, போனை எடுத்து, எங்க கடையைப் பத்தி இன்டர்நெட்ல ஊரு பேரு தெரியாத பேருல எழுதுவாங்க பாருங்க! கடல்ல விழுந்து செத்த மாட்டைச் சமைச்சு வெச்சிருக்காங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அவரு இங்க கெளம்பறப்போ என் கையைப் புடிச்சு, உங்க வீட்டுக்காரர் கலைஞர்னு சொல்லிட்டுப் போனவரு. எனக்கு எப்படித் தெரியுமா? பேரை மாத்தினாரு, பேருக்குப் பக்கத்துல போட்டிருந்த தன் நாய் படத்தை மாத்தலை. எல்லாத்தையும் நான் படிக்கறேன். க்ளைவ் படிக்கமாட்டாரு. மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்லாதவன் பேச்சு எதுக்குங்கறாரு.

க்ளைவ்தான் என் வீட்டுக்காரர். உள்ள பாத்திரம் உருட்டறாரே, அவருதான். இந்தப் பப்பை நாங்க எடுத்தப்போ இங்க பீரும் வறுத்த கடலையும்தான். பக்கத்து ஊர்ப் பப்பையெல்லாம் வரிசையா மூடிக்கிட்டு வந்தாங்க. க்ளைவ் பெரிய ஹோட்டல் அடுப்புல வெந்தவரு, சாப்பாடு போட்டா ஜனம் வரும்னாரு. வந்துச்சு தம்பி! கார் நிறுத்த இடமில்லாம சர்ச் சுவரோரம் வரைக்கும் நிக்கும். அந்தக் கிரேவிக்காகவே வருவாங்க. கறியோட வெக்கற ரொட்டி மாதிரி யார்க்‌ஷயர் புட்டிங்கைப் பிச்சுத் தட்டைத் தொடைச்சுட்டுத் தருவாங்க, கழுவறதுக்கே வேலை இருக்காது.

அப்பல்லாம் அவரு அடுப்படியை விட்டு வெளிய வரமாட்டாரு. யாராச்சும் பாராட்டணும்னு கூப்பிட்டாக்கூட, எனக்கு வேலை இருக்கு, நல்லா இருக்குன்னு எனக்கே தெரியும்னு சொல்லி அனுப்பிடுவாரு. திமிருதான். சுண்டு விரலை கிரேவியில தொட்டு நாக்குல வெச்சா, அது போதும் அவருக்கு. நான் சாஸ் பாட்டிலை மேஜையில வெச்சா ரெண்டு நாள் என்னோட பேசமாட்டாரு. கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமா!

இப்ப மேஜை மேஜையா வந்து கேக்கறாரு. எப்படி இருந்துச்சு? உப்பு சரியா இருந்துச்சா? வயசாக ஆக மனுஷன் எவ்வளவு பணிவாயிட்டாரு வெண்டின்னு பார்ட்ரிட்ஜ் அம்மா கண்ணு கலங்குனாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

நானா? நான் ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். சுத்தி வளைச்சு சொல்லிப் பாத்தேன் தம்பி. பார்ட்ரிட்ஜ் அம்மாவுக்கு இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா பட்டுச்சாம்னு ஒரு நாள் சொன்னேன். நேரா அவங்ககிட்டப் போய்க் கேட்டுட்டாரு. அந்த அம்மா பதறிப்போயி, நான் அப்படிச் சொல்லவே இல்லையே, இந்த மாதிரி ருசி நான் சாப்பிட்டதே இல்லைன்னு, அவரு நின்னு பாக்கப் பாக்க மதிலை இடிச்சு, புதைச்ச கறியைத் தோண்டி எடுத்துத் தின்னாங்க. பாவம், மறுநாள் காலெல்லாம் வீங்கிக்கிச்சு. இவரு திரும்பி என்னைப் பாத்த பார்வை இருக்கே. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரலை.

ஊர்க்காரங்க சொல்லமாட்டாங்க. தபாலாபீஸ்ல, சர்ச்சுல, தெனம் அவரு மூஞ்சில முழிக்கணுமே. வராம இருந்துடுவாங்க, ஆனா சொல்லமாட்டாங்க. முட்டி வலி, பேத்தி வந்திருக்கா, டாக்டர் மாட்டுக்கறி கூடாதுன்னுட்டாரு, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாக்கு. இந்த ஊர்ல திடீர்னு எத்தனை பேருக்கு முட்டி வலிங்கறீங்க! கூட்டம் கொறையக் கொறைய இவரு இன்னும் சீக்கிரம் எழுந்து, இன்னும் கவனமா சமைக்கறாரு. கவனம்னா என்ன, இன்னொரு கை உப்பு. ருசி பத்தலை, அதான் ஜனம் வரலைன்னு நெனைச்சுக்கறாரு. குளிர்காலம் வரைக்கும் கடை தாங்காது தம்பி. கடை போனாக்கூட நான் எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழைச்சுப்பேன். எதனால போச்சுன்னு தெரியாமலே அவரு உக்காந்திருப்பாரே, அதைத்தான் என்னால பாக்கமுடியாது.

ஒண்ணுமில்ல, கண்ணுல வெங்காயம். சரி, வெங்காயம் இல்ல.

போன குளிருக்கு ரெண்டு பேருக்கும் அந்தக் கொரோனா காய்ச்சல் வந்துச்சு. எனக்கு இருமலோட போச்சு. ஒரு காலையில டீ போட்டேன். பால் திரிஞ்சிருக்கறதை நான் பாக்கலை, கண்ணாடி போடலை. அவரு கப்பு முழுசும் குடிச்சுட்டாரு. குடிச்சுட்டு, நல்லா இருக்கு வெண்டின்னாரு. முப்பது வருஷத்துல என் டீயை அவரு நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல. அப்பதான் என் கப்பை வாய்கிட்டக் கொண்டுபோனேன். ஒரே புளிச்ச நாத்தம். அவரு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்காரு. ஏதோ தப்புன்னு அவருக்கு சந்தேகம் வந்துடுச்சு போல. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க? முழுசையும் குடிச்சேன். ஆமா, நல்லாத்தான் இருக்குன்னேன்.

நாக்கு செத்துப்போச்சு தம்பி அவருக்கு. மூக்கும்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. நெனைச்சுக்கட்டும். நான் உப்புன்னு வாயைத் தொறந்தா, எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அந்த மனுஷன் எந்த மூஞ்சியோட கரண்டியைப் புடிப்பாரு? அவரு மேஜை மேஜையா வந்து கேக்கறது பணிவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க சொல்ற வார்த்தையை வெச்சுத்தான் அடுத்த சட்டிக்கு உப்பு போடறாரு. அதை நம்பித்தான் நிக்கறாரு. எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னு சொல்லிக் கொல்றாங்க.

நீங்க வெளியூரு. இன்னும் செத்த நேரத்துல வேலியைத் தாண்டி உங்க வழியில போயிடுவீங்க. உங்களுக்கு என்ன பயம்?

உள்ள குழாயை மூடிட்டாரு. துண்டுல கையைத் தொடைச்சுக்கிட்டு இப்ப வருவாரு. எப்படி இருந்துச்சுன்னு கேப்பாரு. எந்திரிக்காதீங்க, மாட்டப்போன கோட்டைக் கீழ வைங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது தம்பி, பிரமாதம்னுதான் சொல்லப்போறீங்க. நீங்களும் நம்ம ஆளுதானே. சரி, நீங்க ஒண்ணும் சொல்லவேணாம், நானே சொல்லிக்கறேன். இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

க்ளைவ்! இங்க ஒரு நிமிஷம் வாயேன். இந்தத் தம்பிக்குக் கறியில உப்பு ரொம்ப அதிகமாம்.