குழலில் ஆகாயம் தெரிய வேண்டும்

நான் அன்றைக்கே சொன்னேன்.

தென்காசியில் துப்பாக்கிப் பயிற்சிக் கழகம் ஒன்று தோன்றும், அதில் தாய்மார்களும் சேருவார்கள், அதன் திறப்பு விழாவில் மேடை போட்டு மைக் கட்டி என்னைத்தான் பேச அழைப்பார்கள் என்று, சீனாக்காரன் பனிமலையைத் தாண்டி வந்த அந்த அறுபத்திரண்டாம் ஆண்டிலேயே, என் பாத்திரக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது ஊரில் இல்லை. நாலாவது ஆள் அதோ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் சொன்னேன்.

சொன்னதை நிலைநாட்டிவிட்டேன். இனி வணக்கத்துக்கு வருகிறேன்.

சாந்தமே வடிவான, சபைக்கே அணியான, இந்த விழாவின் தலைவர் நாறும்பூநாதன் அண்ணாச்சி அவர்களே. பர்மாவின் காட்டிலே பகைவன் குண்டைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பிய, இக்கழகத்தின் பயிற்சியாளர் ஹவில்தார் அருமைநாயகம் அவர்களே. வயதாலும் அறிவாலும் முதிர்ந்து முன்வரிசையில் முதுகு சாய்த்திருக்கும் பெரியோர்களே. கீழப்பாவூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, பந்தலின் இடப்பக்கத்தை நிரப்பி, வலப்பக்கத்தையும் பாதி பிடித்துவிட்ட தாய்மார்களே. உட்கார இடமில்லாமல் மதில்மேல் ஏறியிருக்கும் இளஞ்சிங்கங்களே. உங்கள் அனைவருக்கும் பாத்திரக் கடை முத்துக்குமாரசாமியின் பணிவான வணக்கம்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பை மூன்று ஆண்டுகள் ஆழமாகப் படித்தவன். ஆகையால் என் சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருளில் பிழை இருக்காது.

துப்பாக்கி என்றால் என்ன? இரும்பா? எஃகா? வெடிமருந்தா? வெற்று வீரமா? சுடத் தெரிந்தவன்தான் துப்பாக்கிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே இந்த உலகம், அந்த உலகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்: சுடாமல் இருக்கத் தெரிந்தவனுக்கு என்ன பெயர்? இதற்கு விடை வேண்டுமென்றால் என் மருமகள் செண்பகவல்லியின் கதையைக் கேட்க வேண்டும்.

அதோ பச்சைக்கரைச் சேலையில், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாளே, அவள்தான். என் உடன்பிறந்த அக்காளின் மகள். ஐந்தருவிக்கு மேலே, சாரல் முதலில் இறங்கும் இடத்தில், மங்குஸ்தானும் பலாவும் கிராம்புமாக ஒரு தோட்டம். அதை அவள் கணவரும் அவளும் கல்லைப் பெயர்த்துக் கன்று நட்டு உண்டாக்கினார்கள். போன வருஷம் அவர் காய்ச்சலில் காலமாகிவிட்டார். மிஞ்சியது தோட்டம், தோட்டத்துக்குள் ஒரு வீடு, வீட்டுக்குள் அவருடைய ரிவால்வர் ஒன்று.

தனித்த பெண் மலையில் இருக்கலாமா என்று குடும்பம் கூடிப் பேசியது. அவள் கொழுந்தன் நல்லதம்பி, அவரும் இங்கே வந்திருக்கிறார், மாப்பிள்ளை கோபப்படக் கூடாது, நடந்ததைத்தான் சொல்கிறேன், அன்றைக்கு அவர் சொன்னார்:

"மதினி, காட்டுல பன்னி வருது, கரடி வருது, மரம் வெட்டுதவன் வாரான். நீங்க ஒத்தைல என்ன செய்வியோ? தோட்டத்த எனக்குக் குத்தகைக்கு விட்டுட்டுக் கீழ வந்துருங்க."

செண்பகவல்லி நிமிர்ந்து கேட்டாள்: "அவுக வச்சிருந்த துப்பாக்கிய நான் வச்சிக்கிட்டா?"

கூடத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெற்றிலை போட்டிருந்தேன்.

முடிவு இப்படி ஆயிற்று. விஜயதசமிக்குள் அவள் பெயருக்கு லைசென்ஸ் வந்தால் தோட்டம் அவள் கையில். வராவிட்டால் குத்தகை நல்லதம்பிக்கு. அதுவரை அந்த ரிவால்வர் என் லைசென்சில், என் வீட்டு இரும்புப் பெட்டியில். தாலுகாவில் என் பெயருக்கு உள்ள மதிப்பு அப்படி.

யாரது பின்னால், "கதைய விடாதிய" என்கிறது? தம்பி, கதைதான் இது. விடாமல் கேள்.

பயிற்சிக்கு அருமைநாயகத்தை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் வீடு என் கடைக்கு எதிர்வீடு. முதல் நாள், தோட்டத்துக்குக் கீழே செம்மண் மேட்டுக்குப் போனோம். நான் ரிவால்வரைப் பையிலிருந்து எடுத்தேன். எதிரே மரத்தில் ஒரு குரங்கு. "அந்தா பாருட்டி குரங்கு" என்று கையிலிருந்த ரிவால்வராலேயே சுட்டிக் காட்டினேன். குறுக்கே அருமைநாயகம் நின்றிருந்தார். அந்த ஆறடி ஆள் அப்படியே தரையில் விழுந்தார். விழுந்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்து வானத்துக்குத் தூக்கினார்.

"அண்ணாச்சி, என்ன காரியம் செய்துட்டிய?"

"குண்டு போடலல்லா, ஓய்?"

"போடலன்னு யாரு சொன்னா? தொறந்து பாத்தியளா?"

"எதுக்குப் பாக்கணும்? எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு சொன்னவனுக்குத்தான் நாங்க பாடை தூக்கியிருக்கோம். இதோட வாய் எங்கன திரும்புதோ அங்கன சாவு நிக்கு. எப்பவும் குண்டு இருக்குன்னே நெனைக்கணும். நீங்க அந்தப் பாறைல போயி உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேற்பார்வைக்கு அதுதான் நல்ல இடம்.

அன்று தொடங்கி ஆவணியிலும் புரட்டாசியிலும் பயிற்சி. சுட்டாளா? இல்லை. சுட விட்டாரா? இல்லை. திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார். வாயை மண்ணுக்குப் பார்க்கப் பிடிக்கச் சொன்னார். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைக்கச் சொன்னார். குறி பார்த்து முடிவதற்குள் விரல் உள்ளே போனால், "விரலு" என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு மரத்திலிருந்த பலாக்காய் விழும். இலக்குப் பலகையை நான் மிக அழகாக இரண்டு மாமரங்களுக்கு நடுவே கட்டி வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "பலகைக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றார்.

"பாதை," என்றேன்.

"பாதைல?"

"அருவிக்குப் போற பொம்பளையளு."

பலகையை அவரே அவிழ்த்துக்கொண்டு போய் மண்மேட்டில் நட்டார்.

பிறகு, இரண்டாக உடைத்த புளியங்கொட்டை ஒன்றைக் குழலின் முதுகில் வைத்து, உள்ளே சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு, விசையை அழுத்தச் சொன்னார். கொட்டை கீழே விழக் கூடாது. விழுந்தது. எடுத்து வைத்தாள். விழுந்தது. எடுத்து வைத்தாள். கண்ணில் நீர் திரண்டது; எடுத்து வைத்தாள். மழை வந்தது, முந்தானையால் துடைத்து எடுத்து வைத்தாள். ஒரு கரடி புதரிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் ஒரு முறை முறைத்தேன், போய்விட்டது. சிரிக்காதீர்கள், கரடிக்கும் கண் உண்டு. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் மாலை விசை அழுந்தியது, துப்பாக்கியின் சுத்தி டக்கென்று அடித்தது, கொட்டை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் முதல் குண்டைக் கையில் கொடுத்தார் அருமைநாயகம்.

வந்தது சரஸ்வதி பூசை. தாய்மார்களே, நம் வீடுகளில் அன்றைக்கு என்ன வழக்கம்? அரிவாள்மணை முதல் அளக்கும் படி வரை, புத்தகம் முதல் தராசு வரை, எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டிட்டு அடுக்குவோம். மறுநாள் மறுபூசை முடிகிற வரை ஒன்றையும் தொட மாட்டோம். என் வீட்டுப் பூசையிலே கொலுவிருந்தது எது? ரிவால்வர். அலங்கரித்தது யார்? அடியேன். சந்தனத்தை நானே கல்லில் அரைத்தேன். பிடிக்கு ஒரு பொட்டு, உருளைக்கு ஒரு பொட்டு, குழலின் முதுகெல்லாம் பட்டை. எல்லாம் போட்ட பிறகும் அந்த வாய் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. மங்கலப் பொருளுக்கு வெறும் வாய் இருக்கலாமா? ஒரு நெல்லிக்காய் அளவு சந்தனத்தைக் கட்டை விரலால் உள்ளே அழுத்தி, அதிலே ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினேன். தென்காசியில் அப்படி ஓர் அலங்காரம் அதற்கு முன்பு யாரும் செய்ததில்லை என்று தலைவர் அவர்களே நேரில் வந்து பார்த்துச் சொன்னார். தலையசைக்கிறார், பாருங்கள்.

மறுநாள் விஜயதசமி. லைசென்ஸ் கொடுக்கும் முன் அவளைச் சுடச் சொல்லிப் பார்க்க வந்த அதிகாரி குற்றாலத்துப் பங்களாவில் தங்கியிருந்தார். நல்ல நாள், அன்று காலையிலேயே சோதனை என்று ஆள் அனுப்பினார். மறுபூசை முடிந்த கையோடு நான் ரிவால்வரை எடுத்தேன். பூ உதிர்ந்துவிட்டது. பொட்டையும் பட்டையையும் துண்டால் துடைத்தேன். பளபளவென்று பித்தளைத் தட்டில் வைத்து, ஜட்காவில் ஏறி, நேரே செம்மண் மேட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

கூட்டமென்றால் கூட்டம். அதிகாரி நாற்காலியில். நல்லதம்பி மாப்பிள்ளை குடையின் கீழ். அருமைநாயகம், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம். சோதனையின்போது அவர் வாய் திறக்கக் கூடாதென்று அதிகாரியின் உத்தரவு. செண்பகவல்லி மேசைக்கு வந்தாள். ரிவால்வரை எடுத்தாள். வாய் மண்ணைப் பார்த்தது. விரல் வெளியே நீண்டது. நடுவில் மடக்கித் திறந்தாள். ஆறு அறையும் காலி. பின்பக்கமாகக் கண்ணை வைத்து, குழலின் வழியே ஆகாயத்தைப் பார்த்தாள்.

ஆகாயத்தைக் காணோம்.

இன்னொரு முறை பார்த்தாள். திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

"ஐயா, நான் சுட மாட்டேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு அம்பாசமுத்திரம் போகணும்மா. நேரமில்லை. சுடப் போறியா இல்லையா?"

"பயந்துட்டாக," என்றார் மாப்பிள்ளை. "நான்தான் சொன்னம்லா? வாங்க மதினி, வீட்டுக்குப் போவோம்."

கூட்டம் சிரித்தது. நானும் கத்தினேன்: "ஏட்டி வல்லி, நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்காத. எடுத்துச் சுடுட்டி." ஏன் கத்தினேன்? அவள் உறுதியைச் சோதிப்பதற்காகக் கத்தினேன்.

கயிற்றுக்கு அப்பால் நின்ற அருமைநாயகம் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே. ஒரு பக்கம் அதிகாரியின் அவசரம். ஒரு பக்கம் ஊரின் ஏளனம். ஒரு பக்கம் தாய்மாமனின் அதட்டல். நடுவிலே தோட்டம், கணவனோடு கல் பெயர்த்த தோட்டம், அந்த ஒரு விசைக்குள் அடங்கிக் கிடந்த தோட்டம். அழுத்தினால் கிடைக்கலாம். அழுத்தாவிட்டால் போயிற்று. உங்களில் எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள்?

அவள் நின்றாள்.

"மாமா, நீங்க சத்தம் போடாதிய," என்றாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, குரல் உயராமல் சொன்னாள்: "ஐயா, குழல்ல வெளிச்சம் வரல. உள்ள என்னமோ அடச்சிருக்கு. அடச்சத வச்சிச் சுட்டா குழல் வெடிக்கும். எனக்கு மட்டும்னா போவட்டும், பக்கத்துல ஆளுக நிக்காவ. நான் தேறலன்னு எழுதிக்கிடுங்க. சுட மாட்டேன்."

சிரிப்பு நின்றது. அதிகாரி எழுந்து வந்தார். தாமே குனிந்து பார்த்தார். அருமைநாயகத்துக்குக் கையசைத்தார். அவர் துடைக்கும் கம்பியை விட்டு அழுத்தினார். வரவில்லை. முட்டுக் கொடுத்து அழுத்தினார். பொத்தென்று ஓர் உருண்டை மேசையில் விழுந்தது. காய்ந்து கல்லாகிப் போன சந்தனம். ஐந்தருவி வரைக்கும் மணத்தது. நான் சந்தனத்தில் ஒருபோதும் கலப்படம் வாங்குவதில்லை.

அருமைநாயகம் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்த உருண்டை கிட்ட இருந்து நாலு பேரோட தலை தப்பிச்சிருக்கு," என்றார். மாப்பிள்ளை குடையை மடக்கினார்.

பிறகென்ன? குழலைத் துடைத்தார்கள். ஆகாயம் தெரிந்தது. செண்பகவல்லி ஐந்து தோட்டாக்களை இட்டாள். நின்றாள் நிலமகள்போல். நிமிர்ந்தாள் நெருப்புபோல். ஐந்து முறை அதிர்ந்தது குற்றாலத்து மலை. ஐந்து குண்டும் ஒரே துளையில் போயின. அதிகாரி மெய்ம்மறந்து கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கு அந்தத் தோட்டம் அவள் கையில். இன்றைக்கு இந்தக் கழகத்தில் பெயர் கொடுத்திருக்கும் தாய்மார்களில் முதற்பெயர் அவள் பெயர். நாளைக் காலை பயிற்சி தொடங்குகிறது. வாருங்கள். துணிச்சலை மட்டும் கொண்டுவராதீர்கள்; அது தெருவெல்லாம் கிடைக்கிறது. ஊரே "சுடு" என்று கூவும்போது "மாட்டேன்" என்று சொல்லும் உறுதி இருக்கிறதே, அதைக் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ளுங்கள். திறந்து பாராமல் தொட மாட்டோம். வாயை மனிதர்மேல் திருப்ப மாட்டோம். ஆகாயம் தெரியாமல் அழுத்த மாட்டோம். இதை நெஞ்சிலே எழுதிக்கொண்ட கைக்குத்தான் இரும்பு அடங்கும். மற்றவர் கையில் அது யாருக்கும் அடங்காது.

வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பந்தல் போட்டவர்க்கும், மைக் கட்டியவர்க்கும், மதில்மேல் இருந்தும் விழாமல் இருந்த தம்பிமார்க்கும் என் நன்றி. வணக்கம் சொல்லி...

மைக்கை அணைக்க வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறு. செண்பகவல்லி, ஒரே துளை என்று நான் சொன்னது முதல், தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. அன்றைக்கு அதிகாரியாலும் முடியவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து குண்டும் என் கைச்சரக்கு. அன்றைக்கு ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பலகை நட்டது நட்டபடி நின்றது. அருமைநாயகம் தோட்டாவை எடுக்கப் போனார், அதிகாரி தடுத்துவிட்டார். சந்தன உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுக்கு மேல நான் பாக்க வேண்டியது ஒண்ணும் இல்லம்மா," என்று சொல்லி, கையெழுத்தைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இப்போது வணக்கம்.