ஒரு பூ வந்தா வர்றேன்

— இடத்துல குறை இல்ல, அண்ணி. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழுது. நான் குடுத்த ஐரிஸ் இங்க பூக்கலைன்னா ஆச்சரியம்தான்.

— சொல்லக் கூடாது, சொல்றேன் சம்பந்தியம்மா. உங்க பொண்ணு தங்கம். நீங்க குடுத்த கிழங்குதான் சரியில்ல. ரெண்டு வசந்தம் போச்சு, ஒரு மொட்டு கிடையாது.

— அதுல பாதிதான் எங்க வாசல்ல நீலமா நிக்குது. எந்தக் குளிருக்கும் சாகாத செடி. வயித்தைக் கலக்கிடும்னு ஆடுகூட வாய் வைக்காது. ஆழமா புதைச்சீங்களா?

— நாலு விரல். தினமும் தண்ணி.

— அய்யோ, அதோட முதுகு வெளிய தெரியணும், வெயில்ல காயணும்.

— பையில போட்டுக் குடுத்தீங்களே, இதையும் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?

— சொல்றதுக்குள்ளதான் சண்டை வந்துடுச்சே.

— வராதா? உங்க வீட்டு விருந்து சாப்பிட்டு வந்தோம். வந்து ஆளுக்கு ஒரு டீ குடிச்சோம். அரை மணி நேரத்துல வீடே வாந்தி. உங்க மாப்பிள்ளை பாத்ரூமை விட்டே வெளிய வரல.

— அதே சாப்பாட்டைத்தான் நாங்களும் சாப்பிட்டோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. சரி, விடுங்க. ஞாயித்துக்கிழமை பேத்திக்கு முதல் பிறந்த நாள், எங்க வீட்டுல. நீங்க கை நனைக்காம உட்காந்திருந்தா என் பொண்ணு முகம் என்ன ஆகும்?

— அதான் அன்னிக்கே சொன்னேனே, பூ வராம உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு. இதுல ஒரு பூ வரட்டும். வந்து ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுறேன்.

— அதுக்குத்தான் மண்வெட்டியோட வந்திருக்கேன். தள்ளுங்க. இலை ஏன் இப்படித் தண்டு விட்டு நிக்குது? விசிறி மாதிரி தட்டையால்ல வரணும்.

— என் கைராசி.

— பொறுங்க, கிழங்கு வந்துடுச்சு. அண்ணி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க.

— ஏன், அழுகிடுச்சா?

— மோந்து பாருங்க.

— இஞ்சி மாதிரி இருக்கு.

— இஞ்சியேதான். ரெண்டு வருஷமா இதுல பூ எதிர்பார்த்திருக்கீங்க. அப்போ நான் குடுத்தது எங்க?

— அன்னிக்கு விருந்து முடிஞ்சு வர்ற வழியில கால் கிலோ இஞ்சி வாங்கினேன். அதே பையில போட்டேன். ரெண்டும் மண்ணும் மண்ணுமா ஒரே மாதிரி இருந்துச்சு. ஒண்ணை நட்டேன்.

— இன்னொண்ணை?

— சொல்லக் கூடாது, சொல்றேன். டீயில தட்டிப் போட்டேன். வாசனையே வரலையேன்னு இன்னும் ரெண்டு துண்டு சேர்த்தேன்.

— அண்ணி…

— சிரிச்சது போதும், மண்வெட்டியை இப்படிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாடு எத்தனை மணிக்கு?