பிடித்த தையல்

பேன்ட்டின் இடுப்பைச் சிறிதாக்குவது பெரிய வேலையே இல்லை, டாக்டரம்மா. பின்தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் சமமாக உள்ளே தள்ளி, மறுபடி மிஷினில் ஓட்டினால் முடிந்தது. எங்கள் தொழிலில் இதற்குப் பிடிப்பது என்று பெயர். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பிடித்துக் கொடுக்கிறேன். என் கணவருக்கும் பிடித்தேன். அவருக்குத் தெரியாமல், ஏழு மாதத்தில் நான்கு முறை.

அவர் இறந்த பிறகு நீங்கள் வீடு தேடி வந்து, "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்மா" என்று கண்கலங்கினீர்கள். நானும் பெரிய மனசு பண்ணி, "விடுங்க, எங்க நேரம்" என்று காபி கொடுத்து அனுப்பினேன். அதிலிருந்து நீங்கள் கிளினிக்கே திறப்பதில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஒரு தப்பும் செய்யாதவர் இப்படி முடங்கிக் கிடப்பது நியாயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருடைய வாய் உங்களுக்குத் தெரியாது. வெளியில் பரம சாது. வீட்டில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார். ஒரு வாய் தின்றதும், "இதை மனுஷன் திம்பானா?" என்று தட்டைத் தள்ளுவார். மகளின் தோழிகள் எதிரிலும் அப்படித்தான். அவள் கல்லூரி விடுதிக்குப் போனால் வீட்டில் நானும் அந்த வாயும்தான் என்று நடுங்கிப்போயிருந்தேன்.

ஆனால் அவள் போன மறுவாரமே ஆள் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். நாலு வாய் சாப்பிட்டதும், "போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சு. நல்லாத்தான் இருக்கு, என்னாலதான் முடியல" என்பார். என்னிடம் அவர் 'ம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. என் அப்பாவுக்கும் வயிற்றுப் புற்று இப்படித்தான் தொடங்கியது. நாலு வாயில் வயிறு நிறைவது, மேல்வயிற்றில் விடாத எரிச்சல், ஆள் இளைப்பது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான். "ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவர் வேலைக்குக் கிளம்பியதும் கொடியில் கிடந்த பேன்ட்டை எடுத்து அரை அங்குலம் பிடித்தேன். பெல்ட் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. "இளைச்சுட்டேனோ?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்பார். "பேன்ட் என்ன கழண்டா விழுது?" என்பேன். இடுப்பைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மலம் கறுப்பாகப் போகிறது என்றார். உள்ளே ரத்தம் கசிந்து அப்பாவுக்கும் அப்படித்தான் போனது. அன்றே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்து கொடுக்கத் தொடங்கினேன். அடுத்த தடவை சொன்னபோது, "அந்த மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்" என்றேன். அதில் பொய் இல்லை.

பிறகு எரிச்சல் தாங்காமல் அவராகவே உங்களிடம் வந்தார். நானும் கூட வந்தேன். எடை பார்த்தீர்கள். முன்பு எவ்வளவு இருந்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. "துணியெல்லாம் லூசாச்சா?" என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. "இல்லைங்க டாக்டர், மூணு வருஷமா இதே பேன்ட்தான், கச்சிதமா இருக்கு" என்று அவரே இடுப்பைக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்ப வரச் சொன்னீர்கள். உங்கள் மாத்திரையில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, அவர் மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தவில்லை. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

முதல் மாதமே நான் வாய் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். தெரிந்துதான் திறக்கவில்லை. பிழைத்து எழுந்தால் பழைய ஆளாகத்தானே எழுந்திருப்பார்.

நேற்று மகள் புதுக்கதை ஒன்று சொன்னாள். விடுதிக்குப் போன அன்று ரயில் நிலையத்தில், "இனிமே அம்மாவைத் திட்டாதீங்கப்பா, திட்டினா நான் வீட்டுக்கே வரமாட்டேன்" என்றாளாம். அவர் அழுதுகொண்டே சத்தியம் செய்தாராம். அதனால்தான் திருந்தினாராம்.

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். அவரை மாற்றியது நோய்தான், டாக்டரம்மா. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.