மாப்பிள்ளையின் கட்டைவிரல்

நகத்தளவு முகத்தில் கண் வரைவது சுலபமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகை முனையில் வண்ணம் காய்வதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். தினமும் மனிதர்களின் கையைத் திறந்து தைக்கிற டாக்டருக்கு அது வராதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வரவில்லை.

என் தங்கை கணவருக்கு வந்தது. பள்ளியில் டிராயிங் மாஸ்டர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்து நாங்கள் போர் நடத்துவோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. கப்பலில் வந்திறங்கும் வைக்கிங்குகள் அவருடைய ஆட்கள். ஊரைக் காக்கும் ஆங்கிலோ-சாக்சன்கள் என்னுடையவர்கள். எல்லாம் நாங்களே வண்ணம் தீட்டிய, சுண்டுவிரல் உயர ஈயப் பொம்மைகள். பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்துவோம்.

அன்றைக்கு என்னோடு வேலை செய்யும் டாக்டர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். குன்றின் மேல் கேடயத்தோடு கேடயம் ஒட்ட என் படையை நிறுத்தி, நடுவில் ராஜாவை வைத்திருந்தேன். வைக்கிங்குகள் ஆற்றைக் கடந்தால் சேற்றில் மாட்டுவார்கள் என்பது என் கணக்கு. மாப்பிள்ளை ஆற்றுப் பக்கமே வரவில்லை. காட்டைச் சுற்றிவந்து முதுகில் அடித்தார். வரிசை பொலபொலவென்று சரிந்தது. கடைசியில் என் ராஜாவை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

“மச்சான், உங்க ராஜாவுக்கு மாறுகண்ணு. ஒரு கண்ணு ஆத்தப் பாக்குது, இன்னொண்ணு கூரையப் பாக்குது. அப்புறம் பின்னாடி வர்றவன் எப்படித் தெரிவான்?”

மயக்க மருந்து டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அண்ணனுக்கு வெட்டத்தான் வரும், வரைய வராது” என்றாள் தங்கை. நானும் சிரித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மாப்பிள்ளைக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. சாக்பீஸ் நழுவியது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. அதன் மேலே அழுத்தும் நார்ப்பட்டையை அறுத்துவிட்டால் சரியாகிவிடும். சின்ன ஆபரேஷன்.

“நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வேற ஆளத் தேடணும் மச்சான்?” என்றார்.

பட்டையை அறுத்தேன். நரம்பு விடுபட்டது. அதிலிருந்து கட்டைவிரல் தசைக்கு ஒரு கிளை போகும், நூல் மாதிரி. அது போனால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்காது. பேனாவோ தூரிகையோ பிடிக்க முடியாது. அதையும் வெட்டினேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “ரத்தக் குழாய்” என்றேன். அவள் நம்பவில்லை என்பது, நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது.

தையல் பிரித்தபின் கட்டைவிரல் எதிரே வரவில்லை. தங்கை பயந்துபோனாள். “அண்ணா, வேற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?”

“நரம்பு மெதுவாத்தான் முளைக்கும். அவசரப்பட்டு யார் கையிலயாவது குடுத்துக் கெடுத்துராத” என்றேன்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வெட்டிய முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். நாளானால் தசை வற்றிவிடும். வற்றும்வரை காத்திருக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பள்ளியில் அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அவர் வாயால் சொல்ல, அவருடைய வைக்கிங்குகளை நான் நகர்த்துகிறேன். பகடையை மட்டும் இடது கையால் அவரே உருட்டுவார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மனசு கஷ்டப்படாதீங்க மச்சான். என் நேரம், நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. உண்மையாகவே.

கத்தி வழுக்கவில்லை ஐயா. தெரிந்துதான் வெட்டினேன். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விரல் நுனிகளுக்கு உணர்வு கொடுக்கும் கிளைகளும் அங்கேயேதான் இருந்தன. அவற்றில் கத்தியின் நிழல்கூடப் படவில்லை. இன்றைக்கும் என் தங்கை அந்தக் கையைத் தொட்டால் அவருக்குத் தெரியும். கெட்ட எண்ணம் உள்ளவன் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வானா?