கேத்தல் கொதிக்கும் வரை

“கேத்தல்காரிட வாளிக்கு ஒரு சொட்டும் ஊத்தப்படாது. ஊத்தினா ஓசப் புடுங்கி வீசிருவன்.”

“வீசுடி பாப்பம். தண்ணி என்ன உன்ட வாப்பா வெட்டின கிணத்துலயா வருது?”

“வாப்பாவ இழுக்காத. மணிக்கூட்டுக் கட்சி கொண்டந்த தண்ணிப் பவுசர் இது. உங்களுக்குத் தாகமெண்டா உங்கட கேத்தல்ல இருக்கிறதக் குடிங்க.”

முதலில் கத்தியது முனவ்வரா. பதில் கொடுத்தது உங்கள் நானாவின் பெண்சாதி, மதினி அக்கீலா. இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு வாளியோடு நின்றது நான். ஹாசிம் தம்பி, நீங்கள் கேட்டது ஒரு காலைப்பொழுதின் நாற்பது நிமிடத்தைப் பற்றி. நான் தண்ணீர்ச் சண்டையிலிருந்து தொடங்குகிறேன் என்று சலிக்க வேண்டாம். அங்கிருந்துதான் வர வேண்டும். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா? கட்டாரில் கூடுதலாகப் போடுவார்களாம்.

உங்கள் நானா றஊப் மௌத்தாகி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள். அவருடைய பழைய போனுக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்து பார்த்திருக்கிறீர்கள். நல்லது, பிள்ளைகள் இப்போது அதெல்லாம் படித்திருக்கிறார்கள். பத்து பத்துக்கு என் நம்பருக்கு ஒரு கோல். பத்து இருபதுக்கு ஒன்று. பத்து இருபத்தெட்டுக்கு ஒன்று. ஆட்டோ அவர் வாசலுக்கு வந்தது பத்து ஐம்பதுக்கு. இடையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரி நான். எனக்குத் தெரியாமல் இந்த ஒழுங்கையில் என்ன நடந்திருக்கிறது?

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்து இந்தத் தில்லையடியில் ஓலைக் கொட்டில் போட்ட நாளிலிருந்து நமக்கு ஒரே கட்சிதான். யார் தலைவர் என்று கூட நாங்கள் கேட்டதில்லை. வேன் வரும், ஏறுவோம், போட்டுவிட்டு வருவோம். யுத்தம் முடிந்து, ரோட்டுக்குத் தார் ஊற்றி, வீடுகளுக்கு ஓடு ஏறியதும் மனிதர்களுக்கும் கொம்பு ஏறியது. பாலர் பாடசாலைச் சுவரில் பதித்த கல்லில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு பெரியவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அந்தக் கல்லிலிருந்துதான் இரண்டு கட்சி பிறந்தது. ஒருவருக்குக் கேத்தல் சின்னம், மற்றவருக்கு மணிக்கூடு. கேத்தல் ஹாஜியார், மணிக்கூட்டு ஹாஜியார் என்றே பேராகிவிட்டது. அவர்களைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

எனக்கு அந்தக் காலம் முழுக்கக் குமட்டல்தான். மதில்களில் கூழ் பூசி போஸ்டர் ஒட்டுவார்கள், இரண்டு நாளில் அந்தக் கூழ் புளித்து ஒழுங்கை முழுக்க நாறும். ஒட்டியதன் மேல் மற்றவன் வெற்றிலை துப்புவான். அதன் மேல் இவன் மீன்குடலை எறிவான். பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது ஸலாம் சொல்லாமல் போவார்கள். பவுசர் சண்டைக்குப் பிறகு கேத்தல் ஹாஜியார் ஒரு சட்டம் போட்டார். நம் ஆட்கள் மணிக்கூட்டுக்காரனின் கடையில் சாமான் வாங்கக்கூடாது, மணிக்கூட்டுக்காரனின் ஆட்டோவில் ஏறக்கூடாது. கூட்டத்தில் எல்லோரும் போனை எடுத்து ஒழுங்கைமுனை நூர்தீனின் நம்பரை அழித்தார்கள். உங்கள் நானாவும் அழித்தார். எனக்குக் காட்டி, சிரித்துக்கொண்டே அழித்தார். நூர்தீன் அவருக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. ஒரே தோணியில் மன்னாரிலிருந்து வந்தவர்கள். அரசியல் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள்.

இந்த முறை பிரதேச சபைக்குப் பெண்களையும் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கேத்தல் ஹாஜியார் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். நீங்கள் இருக்கிற அதே கதிரையில்தான் இருந்தார். ஒரே கட்சியாக இருந்த நாளிலிருந்து இருபது வருடம் அவருடைய கூட்டங்களுக்குப் பெண்களைத் திரட்டிக் கொடுத்தது நான். எந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று அவர் என்னிடம்தான் கேட்பார். என்னைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார். ஒரு கிழமை கழித்து, “நஃபீஸா ராத்தா, அக்கீலா டீச்சர் ஏஎல் படிச்ச புள்ள, சிங்களமும் பேசுது. உங்கட பேர பட்டியல்ல கீழ போட்டிரிக்கம், எண்ணிக்கைக்கு” என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எனக்குப் பதவி ஆசை கிடையாது, தம்பி. அக்கீலாவுக்கு மேடைக்குப் பொருத்தமாக அபாயா தேடிக் கொடுத்ததே நான்தான்.

தேர்தல் முடிந்தது. நம் வட்டாரத்தில் தோற்றோம். ஆனாலும் மொத்த வாக்குக்காகப் பட்டியலிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று வந்தது. ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமைக்குள் ஹாஜியார் ஒரு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கீலாதான் என்று ஊரே சொன்னது. மீன்காரன் சவிரிமுத்து கூட, “டீச்சர் இனி மெம்பரம்மா, விலை கூடின மீன்தான் வாங்குவாங்க” என்று என் வாசலில் நின்று சொன்னான். அன்று அவனிடம் நான் மீன் வாங்கவில்லை. மீன் நல்லாயில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அக்கீலா ஹாஜியாரைப் பார்க்கக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறிப் போனாள். போகும்போது வேலிக்கு மேலால், “ராத்தா, அவருக்கு உடம்பு சரியில்ல, உப்பளத்துக்குப் போகல்ல. ஒருக்காப் பாத்துக்கங்க” என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பத்து பத்துக்கு போன் அடித்தது. உங்கள் நானாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. “ராத்தா, நெஞ்சு அடைக்கிது. அக்கீலாட போன் வேல செய்யல்ல. நூர்தீனக் கூப்பிடுங்க.” நூர்தீன் என்றுதான் சொன்னார். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்சிச் சட்டம் அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். நம்பர் அழித்ததுதான் அவருக்குக் குறுக்கே நின்றது. இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

வருத்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பது என் பழக்கம். போனால் எத்தனை மணிக்குத் திரும்புவோமோ. தண்ணீர் சூடாகும்வரை சும்மா நின்றேன். சும்மா நிற்கும்போது மனசு எங்கெல்லாமோ போகும்தானே. புருஷன் மௌத்தானால் பொம்பிளை நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும், வீட்டுப் படி இறங்க முடியாது. புதுச் சபை கூடுவது அடுத்த மாதம். இதை நான் திட்டமிட்டு நினைக்கவில்லை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று விரல் தானாக மடங்கியது. ஆனி பிறந்தும் சில நாள் இருந்தது.

இரண்டாவது கோல் வந்தபோது தேயிலைச் சாயம் வடித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கோப்பையோடு வாசலுக்கு வந்தேன். எதிரே, இருபது எட்டு வைக்கிற தூரத்தில், நூர்தீன் தன் ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் மணிக்கூட்டு ஸ்டிக்கர். தேர்தலில் வென்ற சந்தோஷம் அவனுக்கு இன்னும் இறங்கவில்லை.

“என்ன ராத்தா, தனியக் குடிக்கிறீங்க? வெண்டவனுக்கு ஒரு வாய் இல்லியா?”

“வா, தாறன்.”

“கேத்தல்ல ஊத்தினதக் குடிச்சா எங்கட ஹாஜியார் கட்சிய விட்டுத் தள்ளிருவாரே.”

“நான் சொல்லமாட்டன். நீ குடி.”

இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். இஞ்சி போட்டிருக்கலாம் என்றான். உள்ளே போன் மூன்றாவது தடவை அடித்தது. “போன் அடிக்கிது ராத்தா” என்றான். “போன் கொம்பனிக்காரன், சும்மா அடிப்பான்” என்றேன். அவன் சிரித்தான். அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்தேன், நம் கட்சி ஆட்டோ பிடிக்க. கட்சிச் சட்டத்தை மீறவா முடியும்? எனக்கு முழங்கால் வருத்தம் வேறு. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அரை மணித்தியாலம் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். டாக்டர்மார் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் கேட்டார்கள், ஏன் இவ்வளவு சுணங்கியது என்று. நான் ஒரு பாதி வசனம்தான் சொன்னேன். “வாசல்ல நூர்தீன் இருந்தான்தான்... என்னத்தச் சொல்ல.” கண்ணைத் துடைத்தேன். மிச்சத்தை அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். லுஹர் தொழுகைக்குள் அது, நூர்தீன் வரமாட்டேன் என்றானாம் என்று ஆனது. அஸருக்கு, கேத்தல்காரனை ஏற்றினால் ஆட்டோ அசுத்தமாகி நஜீஸாகிவிடும் என்றானாம். மஃரிபுக்கு, சாகட்டும் என்று துப்பினானாம். இவ்வளவு சுலபமாக நம்புகிறார்களே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. முப்பது வருடம் அவனோடு ஒரே ஒழுங்கையில் இருந்தவர்கள். ஒருவராவது, அவன் அப்படிச் சொல்லக்கூடியவனா என்று கேட்கவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்து, பட்டப்பகலில், ஆட்டோவைக் கொளுத்தினார்கள். றப்பர் எரிந்த புகையில் என் உடுப்பெல்லாம் நாறிவிட்டது, இரண்டு தரம் துவைத்தேன். நூர்தீன் பள்ளி வாசலில் அழுதுகொண்டு நின்றான். தலையில் இரத்தம். கூட்டத்துக்குள் என்னைக் கண்டதும் கையை நீட்டினான்.

“ராத்தா, நீங்க சொல்லுங்க. அண்டைக்கு நீங்க எனக்குத் தேத்தண்ணிதானே தந்தீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லை. “ஓம், தந்தன்” என்றேன்.

அது அவனுக்கு உதவவில்லை. அங்கே மனுஷன் துடிக்க இங்கே இவன் தேத்தண்ணி குடித்திருக்கிறான் என்று இன்னும் இரண்டு பேர் பாய்ந்தார்கள்.

ஹாஜியார் அன்றே என் பெயரை எழுதிக் கொடுத்தார். “இத்தாவுல இரிக்கிற புள்ளய அலைக்கழிக்கப்படாது” என்றார். அக்கீலாவின் நாலு மாதமும் பத்து நாளும் அவளுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். ஒரு நாள் தவறவில்லை. சபைக் கூட்டம் இருந்தால் விடியச் சமைத்துவைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து அங்கே என்ன பேசினோம் என்றும் அவளுக்குச் சொல்வேன். அவளுக்கு அதில் ஆசை இருந்தது, பாவம்.

ஆகவே, ஓம், தம்பி. முழங்கால் வருத்தமுமில்லை, கட்சிச் சட்டமுமில்லை. கூப்பிட்டிருந்தால் நூர்தீன் பறந்து போயிருப்பான். எனக்குத் தெரிந்துதான் கூப்பிடவில்லை. உங்கள் நானா வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த நேரம் முழுக்க இந்தப் பக்கம் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து வைத்திருந்தேன், அவன் அந்த இடத்தை விட்டு அசைந்துவிடாமல். கேட்டீர்கள், சொன்னேன். இதை நீங்கள் வெளியில் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் இப்போது யாருக்கும் தேவையில்லை.

ஏனென்றால் கேத்தலும் மணிக்கூடும் போன மாதம் சேர்ந்துவிட்டன. பெரிய தேர்தல் வருகிறதாம். கேத்தல் ஹாஜியாரின் மகள் அப்ராவை மணிக்கூட்டு ஹாஜியாரின் மகன் ஸஜீத்துக்கு முடித்தார்கள். மண்டபத்தில் இரண்டு ஹாஜியாரும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். ஒரே சஹன் சோற்றுத் தட்டைச் சுற்றி என்னையும் முனவ்வராவையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பவுசர் வாய்க்காரி தன் கையால் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினாள். “தின்னுங்க மெம்பரம்மா.” தின்றேன்.

நூர்தீன் வண்ணாத்திவில்லுவுக்குப் போய்விட்டான், யாருடையதோ கஜுத் தோட்டத்துக்குக் காவல். ஒரு கண் சரியாகத் தெரியாதாம். அக்கீலா இத்தா முடிந்து உம்மாவோடு மன்னார்ப் பக்கம் போனாள். அங்கே தாரமிழந்த ஒருவர், பதுர்தீன் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். போன கிழமை நிக்காஹ் முடிந்தது. உங்களுக்குச் சொல்லியிருப்பாள். சம்பந்தம் பேசி விட்டது நான்தான். நல்ல மனிதர்.

போகிற அன்று என் தோளில் விழுந்து அழுதாள். வீட்டுச் சாவியை என் கையில்தான் வைத்துவிட்டுப் போனாள். அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, பாருங்கள். இத்தனை வீடு இருக்கிற ஒழுங்கையில் என்னிடம் கொடுத்திருக்கிறாள் என்றால், தம்பி, நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியாதா?