காந்தம் புகாத அறை

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. பனி கொட்டி ஓய்ந்திருந்தது. நியூ மெக்ஸிகோவில், மலைமேல் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஒரே ஒரு கார்... அதில் ஒர்லாண்டோ. என்னோடு வேலை பார்க்கும் ரமோனாவின் அக்கா கணவர். ரமோனா சொல்லித்தான் எனக்கே தெரியும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

மூளையைப் படம் பிடிக்கும் எந்திரம் ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல ராட்சசக் காந்தம் கிடையாது. மிக மெலிந்த காந்தப்புலமே போதும். ஒர்லாண்டோவின் தம்பிக்குப் போரில் மண்டைக்குள் இரும்புத் துண்டு ஏறியிருந்தது. பெரிய எந்திரத்துக்குள் அவனை விட முடியாது. இதற்குள் ஒருநாள் விடலாம்... அந்த நம்பிக்கையில்தான் மனிதர் ஓடிக்கொண்டிருந்தார்.

புலம் மெலிந்தது என்றால் தலையிலிருந்து வரும் பதிலும் மெலிந்தது. அதைப் பிடிக்க மீக்கடத்தி உணர்விகள், அதாவது கடுங்குளிரில் மட்டுமே வேலை செய்யும் நுண்கருவிகள். திரவ ஹீலியம் நிரம்பிய குடுவைக்குள், நினைத்தாலே நடுங்குகிற குளிரில் அவை இருக்கும். வெளியே ஒரு லாரி போனாலும் படம் கெட்டுவிடும். அதனால்தான் ஆளில்லாத ஞாயிறு. அதனால்தான் அந்த அறையும்... வெளிக் காந்தம் உள்ளே புகாதபடி சுவரெல்லாம் உலோகத் தகடு. ஜன்னல் இல்லை. உள்பக்கமாகத் திறக்கும் கனத்த கதவு.

தலையைக் கொடுக்க வர வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டார். ஒர்லாண்டோ தானே போய்ப் படுத்தார். வெளியே கருவியைப் பார்த்துக்கொண்டது பெர்னதெத், அவருடைய நெடுநாள் கூட்டாளி.

"மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

"இருந்தா ஒரு படம் அச்சடிச்சுக் குடு தாயே. என் பொண்டாட்டி நம்ப மாட்டா."

கதவு மூடியது. காதை அடைத்தாற்போல நிசப்தம். தலைக்கு மேலே குடுவை. டிக்... டிக்... மெல்லிய சத்தம்.

"அசையாத," என்றது ஒலிபெருக்கியில் பெர்னதெத்தின் குரல். அதோடு ஒலிபெருக்கி செத்துவிட்டது.

ஸ்ஸ்ஸ்...

குடுவையின் காற்றுக்குழாயைப் பனிக்கட்டி அடைத்திருக்க வேண்டும். எங்கோ விரிசல் விட்டு, ஹீலியம் கொதித்து அறைக்குள் பீறிட்டது. வெண்புகை. ஈர இரும்பின் வாடை. ஒர்லாண்டோ குதித்து இறங்கிக் கதவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. உள்ளே பெருகும் வாயு கதவை அழுத்திப் பிடித்திருந்தது. ஓங்கிக் கத்தினார்... வந்தது கீச்சுக் குரல். பலூன் வாயுவை இழுத்துவிட்டுக் குழந்தைகள் பேசுவார்களே, அப்படி. வேறு நேரமாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். ஆனால் அவருக்குத் தெரியும்... மூச்சுக்கான காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது.

அப்போது காதருகே ஒரு குரல்.

"கீழ படு."

யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள் என்றே நினைத்தார். படுத்தார். கன்னம் தரையில் பட்டது. அங்கே காற்று இருந்தது. இழுத்தார்... இழுத்தார்... உயிர் திரும்பியது.

"இனி எந்திரிக்காத."

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கனம். முழங்காலை ஊன்றி யாரோ உட்கார்ந்ததுபோல. மெல்ல... மெல்ல... அழுத்தியது.

சீறல் நின்றது. அழுத்தம் குறைந்து கதவு பிளந்தது. வெளிச்சக் கீற்று அவர் விரல்வரை வந்தது. பெர்னதெத் கத்துவதும் கேட்டது. ஆனால் ஒர்லாண்டோவால் தலையைத் தூக்க முடியவில்லை. நெஞ்சு விரிய இடமில்லை. கதவு திறந்தே இருந்தது... அவர் உள்ளேயே இருந்தார்.

பெர்னதெத் தவழ்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"என்ன இப்படிக் கனக்குற நீ..." அவர் குரலும் கீச்சென்றுதான் வந்தது.

எப்படி இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் கனம் சட்டென்று விட்டது. இருவரும் வெளியே நடைபாதையில் வந்து விழுந்தார்கள்.

"உள்ள இன்னொருத்தர் இருக்கார்," என்றார் ஒர்லாண்டோ. "அவரையும் இழு."

"இந்தக் கட்டடத்துலயே நாம ரெண்டு பேர்தான்."

புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. நிதானமான, தடித்த ஆண் குரல். அந்த வாயுவில் மூச்சு விடுகிற யாராக இருந்தாலும் கீச்சிட்டுத்தான் பேச முடியும். அது கீச்சிடவில்லை.

"பெர்னதெத்... கதவ மூடு."

பெர்னதெத் எழுந்தார். கதவை மூடக் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். முழு பலத்தையும் போட்டு இழுத்தால்தான் நகரும் கதவு அது. லேசாக வந்தது.

உள்ளேயிருந்து யாரோ தள்ளிக் கொடுத்தார்கள்.