ஒரு படி குறைச்சு

— இதைப் பிரின்ட் போட முடியாதுண்ணா. வெளிச்சம் கூடிப் படம் எரிஞ்சு போச்சு.

— எது எரிஞ்சு போச்சு? நல்லாப் பாருடி. இறகு இறகா தெரியுது.

— எனக்கு ஒண்ணும் தெரியல. வானத்துக்கு எதிரா இருக்கிற கிளையில யாரோ சிவப்புப் பெயின்ட்டைக் கொட்டின மாதிரி இருக்கு. கண்ணு ஒரு புள்ளி, அலகு ஒரு கோடு. நடுவுல ஒண்ணுமே இல்ல.

— உன் கம்ப்யூட்டர் பழசு. நாளெல்லாம் பாஸ்போர்ட் மூஞ்சிகளைப் பார்த்துப் பார்த்து அதுக்கும் சலிச்சுப் போச்சு, உனக்கும் சலிச்சுப் போச்சு.

— இதே கம்ப்யூட்டர்லதான் போன வருஷப் படத்தையும் பார்த்தோம். இதோ, பக்கத்துலயே வைக்கிறேன். இதுல நெஞ்சு இறகை எண்ணிடலாம். அதே மரம், அதே காலை வெயில், அதே மிளகாயான்.

— அந்தக் குருவிக்கு மிளகாயான்னு பேர் வச்சதே நான்தான். எனக்கே சொல்லிக் காட்டுறியா?

— பேர் மட்டுமா வச்ச? சிவப்புப் பறவைன்னா வெளிச்சத்தை ஒரு படி குறைச்சு வை, கேமரா கிராஃப்ல காட்டுற வெள்ளைக் கோட்டை நம்பாதே, சிவப்புக் கோடு போய் வலது ஓரத்துல முட்டுதான்னு பாருன்னு என் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு? இப்போ நீயே ஒன்றரைப் படி கூட்டி வச்சிருக்க. ஒரு படத்துல தவறிப் போச்சுன்னா சரி. நாற்பது படத்துலயும்.

— மங்கலா தெரிஞ்சுது, கூட்டினேன். அதுக்கு இவ்வளவு விசாரணையா? ஒரு விசாரணை ஏற்கெனவே காத்துக்கிட்டிருக்கு.

— என்ன விசாரணை?

— சும்மா சொன்னேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல வந்து பார்க்கச் சொல்லிக் காலையில சேதி. லீவு லெட்டர்ல கையெழுத்து விட்டுப் போயிருக்கும். நாலு மணிக்கு வண்டி, மூணரைக்குப் போனா போதும்.

— இப்போ மணி ரெண்டரை.

— நேத்து ஒரு கூத்து, கேளு. பெரிய வளைவுல திரும்புறேன். தண்டவாள வேலை பார்க்கிற ஆளு ஒருத்தன் என் பக்கத்துப் புதர் ஓரமா நின்னு ஒரு சாம்பல் துண்டைத் தலைக்கு மேல வீசி வீசி ஆட்டுறான். மாப்பிள்ளையை வழியனுப்புற மாதிரி. நானும் ரெண்டு ஹாரன் அடிச்சுக் கை காட்டிட்டு வந்தேன். ரயில் ஓட்டுறவனுக்கும் ரசிகன் இருக்கான்டி.

— பேச்சை மாத்தாதேண்ணா. இங்க பாரு. இந்த கிராஃப்ல மூணு கோடு இருக்கு. சிவப்புக் கோட்டு மேல விரலை வை.

— சின்னப் பிள்ளை விளையாட்டா?

— வை.

— இந்தா. போதுமா?

— அது பச்சை.

— கை நடுங்கிடுச்சு.

— சரி, மறுபடி வை.

— விடு.

— அண்ணா.

— விடுன்னு சொல்றேன்ல. இந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது? எண்ணெய் விட மாட்டியா?

— அது எப்பவும் அப்படித்தான் கத்தும்.

— ம்.

— எவ்வளவு நாளா?

— மூணு மாசம் இருக்கும். முதல்ல ஏதோ தூசின்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் பெரியவ புதுச் சுடிதாரைப் போட்டுக்கிட்டு வந்து, அப்பா எப்படி இருக்குன்னு கேட்டா. சாம்பல் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்மான்னேன். அவ சிரிச்சா. நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சுக்கிட்டா.

— சிவப்பா?

— ரத்தச் சிவப்பாம். அவங்க அம்மா சொன்னா.

— கண்ணுக்கு என்ன வந்துச்சு உனக்கு?

— கழுத்துல கட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— நெறி கட்டியிருக்குன்னு சொன்ன.

— காசநோய்க் கட்டி. கழுத்துல வர்றது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. ஆனா வீட்டுல சொன்னா தட்டைத் தனியா வைப்பீங்க.

— தட்டைத் தனியா வைக்கிற ஆளா நான்?

— உன்னைச் சொல்லல.

— அப்போ அண்ணியைச் சொல்றியா?

— யாரையும் சொல்லல. எனக்குப் பயம். அவ்வளவுதான். அந்த மாத்திரையில ஒண்ணு கண்ணைத் தொடும்னு முதல் நாளே எச்சரிச்சாரு. கலர் மாறித் தெரிஞ்சா அன்னைக்கே வந்துடுங்க, வேற எழுதித் தர்றேன், சீக்கிரம் வந்தா பெரும்பாலும் திரும்பிடும்னாரு.

— போனியா?

— கண்ணு சரியில்லன்னு எழுதிட்டா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கடி. எஞ்சின் ஷெட்டுல போய் நிக்கிற மாதிரி தினமும் கனவு வருது. வண்டி எடுக்க வர்றவனுக்கெல்லாம் நான் நோட்டை நீட்டி, இங்க கையெழுத்துப் போடுங்க சார்ங்கறேன். இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன்டி நான்.

— போனியான்னு கேட்டேன்.

— போகல.

— மாத்திரை?

— இன்னும் ரெண்டு மாசம் பாக்கி.

— அதாவது, தெரிஞ்சே தினமும் கண்ணுல மண்ணை அள்ளிப் போட்டுக்கிற. வேளா வேளைக்கு, தண்ணியோட.

— நல்லா இருக்கு உன் வாய்.

— சிக்னல் எப்படிண்ணா பார்க்கிற?

— பார்க்கிறது ஒரு பக்கம். எந்தக் கம்பத்துல எது எங்க எரியும்னு எனக்கு மனப்பாடம். அதுக்கு மேல, பக்கத்துல உட்கார்ற உதவி டிரைவரம்மா இருக்காங்க. கழுகுக் கண்ணு. ஒவ்வொரு சிக்னலையும் அவங்க சத்தமாச் சொல்லணும், நான் திருப்பிச் சொல்லணும். அதுதான் சட்டம். பச்சைன்னா பச்சை. சிவப்புன்னா சிவப்பு.

— அவங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது. என் குரல் எப்பவும் அவங்களுக்கு அப்புறம்தானே வரும்.

— வளைவுல? அங்க அவங்கவங்க பக்கம் மட்டும்தான் தெரியும்னு நீதானே சொல்லியிருக்க.

— வளைவுல என் பக்கத்தை நான் பார்த்துக்குவேன்.

— நீ பார்த்துக்குவ.

— அப்படிச் சிரிக்காதே.

— நான் சிரிக்கல. அண்ணா, உனக்குப் பின்னாடி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க?

— எண்ணூறு. விசேஷ நாள்னா ஆயிரம். அதை எனக்குச் சொல்லித் தராதே. ஒவ்வொரு தடவையும் இறங்கினதும் பிளாட்பாரத்துல நின்னு அவங்க போறதைப் பார்த்துட்டுத்தான் நான் நகருவேன். முன்னாடியெல்லாம் அப்படி நின்னதில்ல.

— இன்னைக்குப் போகாதே.

— ஒரே ஒரு வண்டி. இப்போ போய் முடியாதுன்னா ஆள் கிடைக்காது. போயிட்டு வந்து, நாளைக்குக் காலையில டாக்டர். உன் தலை மேல சத்தியம்.

— என் தலையை விடு. பெரியவ தலை மேல சொல்லு.

— அவ தலையை எதுக்கு இழுக்கற?

— சொல்லு.

— சரி. அவ தலை மேல.

— டாக்டருக்கு அப்புறம் ஆபீஸ். ரெண்டு இடத்துக்கும் நான் கூட வருவேன். எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல நிப்பேன்.

— நில்லு. உங்க அண்ணி காபி தருவா.

— இன்னைக்கு ஒரு நாள்தான்.

— இன்னைக்கு ஒரு நாள்தான்டி. முகத்தைத் தொடச்சுக்க. கடைக்கு யாராவது வந்தா, போட்டோ எடுக்க வந்தவன் அழ வச்சுட்டான்னு சொல்லுவாங்க. அந்த கேமரா கார்டைக் காலி பண்ணிக் கொடு, கிளம்பறேன்.

— எல்லாத்தையும் அழிக்கவா?

— நாற்பதும் எரிஞ்சதுன்னா வச்சு என்ன பண்ண? கடைசி ஆறு படத்தைப் பார்க்கவே வேண்டாம், வெறும் மரம். சத்தம் மட்டும் கேட்டுச்சு. பத்து நிமிஷம் தேடினேன். மிளகாயான் ஏமாத்திட்டுப் பறந்துட்டான். வந்ததுக்கு இருக்கட்டும்னு அமுக்கிட்டு வந்தேன்.

— ம்.

— அழிச்சிட்டியா?

— மரத்துல இருந்து எவ்வளவு தூரத்துல நின்ன?

— பத்தடி இருக்கும். ஏன்?

— மரம் காலியா இல்லண்ணா.

— என்ன இருக்கு?

— மிளகாயான். இதுல பின்னாடி வானம் இல்ல, பச்சை இலைக்கு நட்ட நடுவுல. உன்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

— எங்க?

— இங்க. என் விரல் இருக்கிற இடத்துல.

— அது இலை.

— இலை இல்லண்ணா.

— கொஞ்சம் பெரிசாக்கு.

— பெரிசாத்தான் இருக்கு. திரையில பாதி அதுதான்.

— அடுத்த படம்?

— அதுலயும் இருக்கு. ஆறுலயும் இருக்கு. கடைசிப் படத்துல ரெண்டு ரெக்கையையும் விரிச்சு அடிச்சுக்கிட்டு நிக்குது.

— காத்துல இலை ஆடுதுன்னு நினைச்சேன்.

— உட்காரு. தண்ணி குடி.

— வேண்டாம்.

— திரையை விட்டுக் கண்ணை எடுண்ணா. எவ்வளவு நேரமா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருக்க. மணி மூணேகால்.

— அம்மாடி.

— சொல்லு.

— நேத்து வளைவுல அந்த ஆளு கையில இருந்தது துண்டு இல்ல.